விஸா ஜன்னலில் நம் மாணவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸர்வகலாசாலைகளில் 2023-24ஆம் கல்வி ஆண்டில் பயின்ற அந்நிய மாணவர்களுள் இந்தியரின் தொகை 3,31,602. சீனரை முந்தி நம்மவர் முதலிடம் பெற்றுவிட்டனர் என்று பலரும் பெருமை கொண்டாடினர். ஆனால், 2024 செப்டம்பரோடு முடிந்த வருஷத்தில் உலகெங்குமிருந்து எப்-1 என்னும் மாணவர் விஸாவுக்கு மனுச் செய்தவர்களில் 100க்கு 41 பேர் மறுக்கப்பட்டனர் என்ற செய்தியை அத்தனை பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. முதலாவது செய்தியைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா என்பது வேறு விஷயம். நம் தேசத்தில் போதிய ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் இருக்குமாயின் இத்தனை வாலிபர் கடல் கடக்க வேண்டியதில்லை. இன்று நாம் ஆராயப் புகுந்தது இரண்டாவது செய்தியை.

மனுச் செய்யும் முறையை அறியாத நேயர்கள் அநேகர் இருப்பர். முதலில் ஒரு ஸர்வகலாசாலை மாணவனைத் தகுதியுடையவன் என்று ஏற்று, முதல் வருஷச் செலவுக்கு அவனிடம் பொருள் உண்டு என்று கண்டு, ஐ-20 என்னும் பத்திரத்தை அனுப்ப வேண்டும். அப்பொருளைக் காட்டுவதற்காகத் தகப்பனார் நிலத்தை ஈடு வைத்திருப்பார். தாயார் நகையை அடகு வைத்திருப்பார். பிறகு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். விஸாக் கட்டணம், 2023 ஜூனில் உயர்த்தியபடி, 185 டாலர். இவ்விரண்டும் சேர்ந்து நம் நாணயத்தில் 45,000 ரூபாய்க்கு மேலாகிறது. அதன் பின்னர் சென்னையிலோ, ஹைதராபாத்திலோ, டில்லியிலோ கான்ஸல் காரியாலயத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முன் சில நிமிஷங்கள் பேட்டி. மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது. மறுபடியும் முயல்வதானால் விஸாக் கட்டணத்தை மறுபடியும் கட்ட வேண்டும்.

அந்தச் சில நிமிஷங்களில் நடப்பதென்ன? அமெரிக்கரின் 1952ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் 214-பி என்று ஒரு பிரிவு உண்டு. மனுதாரன் ஒவ்வொருவனும் அந்நாட்டில் நிரந்தரமாகத் தங்க எண்ணியே வருகிறான் என்று அதிகாரி அநுமானிக்க வேண்டும். அவ்வாறில்லை என்று ருசுப்படுத்தும் பாரம் மனுதாரனைச் சேர்ந்தது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட நிரபராதி என்றே நியாயஸ்தலம் அநுமானிக்கிறது. படிக்கப் போகிறேன் என்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலும், நடந்த காரியத்தை ருசுப்படுத்தலாம். சாட்சி உண்டு, ஆவணம் உண்டு. நான்கு வருஷத்துக்குப் பின் தன் மனம் எப்படி இருக்கும் என்பதை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எந்த ஆவணத்தைக் கொண்டு ருசுப்படுத்துவான்?

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதே சர்க்கார், படிப்பு முடிந்ததும் 12 மாத காலம் அங்கேயே வேலை பழகலாம் என்றும், விஞ்ஞானம், இஞ்சினீயரிங் முதலிய துறைகளில் தேர்ந்தவர் மேலும் 24 மாதம் பழகலாம் என்றும் விதி செய்து வைத்திருக்கிறது. அந்த விதியை நம்பியே நம்மவரில் பலர் கடன் வாங்குகின்றனர். ஆயினும், ஜன்னலில் "படித்த பின் என்ன செய்வாய்?" என்று கேட்கும்போது, "உங்கள் சட்டம் அளிக்கும் வேலையைச் செய்து கடனை அடைப்பேன்" என்று உண்மை சொல்பவன் தோற்றுப் போகக்கூடும். ஆகவே ஊர் ஊராக ஏஜெண்டுகள் முளைத்துச் சொல்ல வேண்டிய விடையை மனப்பாடம் செய்விக்கிறார்கள். கல்வி கற்கப் புறப்படுகிறவனுக்கு முதற்பாடமே பொய்யாக இருப்பது யாருக்கு கௌரவம்?

மறுக்கப்பட்டவனுக்குக் கிடைப்பது அச்சடித்த காகிதம். அதில் பிரிவின் எண் இருக்கும். எந்த விடை அதிகாரிக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பது இராது. அப்பீலும் கிடையாது. கான்ஸலின் தீர்ப்பை விசாரிக்க அமெரிக்கக் கோர்ட்டுகள் நெடுங்காலமாக மறுத்து வந்திருக்கின்றன. 1972இல் மாண்டெல் என்னும் பெல்ஜியப் பொருளாதார அறிஞரின் வழக்கிலும், 2024 ஜூனில் முனோஸ் வழக்கிலும் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு இக்கொள்கையை உறுதிப்படுத்தியது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை எந்தச் சுதந்திர நாட்டுக்கும் உண்டு. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆயினும் கனடாவில் மறுக்கப்பட்ட மாணவன் பெடரல் கோர்ட்டின் அநுமதி பெற்று வழக்காடலாம். பிரிட்டனில் 28 நாட்களுக்குள் வேறொரு அதிகாரியின் மறுபரிசீலனையைக் கோரலாம். பிரிட்டிஷாரைப் புகழ்வது நமக்கு வழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் புகழ வேண்டியிருக்கிறது.

2025ஆம் வருஷத்தில் கஷ்டம் இன்னும் முற்றியது. மே மாதக் கடைசியில் புதிய மாணவர் பேட்டிகளுக்கு நாள் குறிப்பதையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் கலாசாலை திறக்கும். ஜூன் மத்தியில்தான் மறுபடி தொடங்கினார்கள். தொடங்கும்போது, மனுதாரர்கள் தங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பேச்சுச் சுதந்திரத்தைத் தங்கள் அரசியல் சாஸனத்தின் முதல் திருத்தமாக வைத்திருப்பவர்கள், அந்நிய மாணவன் இரண்டு வருஷத்துக்கு முன் நண்பனுக்கு எழுதியதைத் துருவிப் பார்க்கிறார்கள். செப்டம்பரில் மற்றோர் உத்தரவு பிறந்தது: பிரஜையாயுள்ள தேசத்திலோ, வசிக்கும் தேசத்திலோ மட்டுமே பேட்டிக்குப் போக வேண்டும். இங்கே நாள் கிடைக்காதவர்கள் ஸிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் ஓடிக்கொண்டிருந்த வழியும் அதனால் அடைபட்டது.

1917ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கதவைச் சாத்தியது. அந்தக் கொடிய சட்டங்கூட மாணவருக்கு விலக்கு அளித்தது. ஜயப்பிரகாச நாராயணர் 1922இல் கலிபோர்னியாவில் இறங்கித் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்து படித்தார். இன்று ஒரு மாணவன் அப்படித் தோட்டத்தில் இறங்கினால் விஸா விதியை மீறியவனாவான்.

மோசடி மலிந்திருப்பதால் கண்டிப்பு அவசியம் என்பார்கள். மோசடி உண்டு; போலிப் பாங்குக் கணக்கும் போலிச் சான்றிதழும் தயாரிப்போர் நம்மிடையே இருப்பது வெட்கக்கேடு. ஆனால் 2019 ஜனவரியில் வெளிப்பட்ட விவகாரத்தையும் மறக்கலாகாது. மிஷிகன் மாகாணத்தில் பார்மிங்டன் ஸர்வகலாசாலை என்று ஒன்று இருந்தது. அதில் ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. மாணவரிடம் சம்பளம் மட்டும் வாங்கினார்கள். அதை நடத்தியது அமெரிக்கக் குடியேற்ற இலாகாவே! சிக்கிய சுமார் 130 மாணவரில் ஏறக்குறைய எல்லோரும் இந்தியர். தெரிந்தே சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். ஒரு சர்க்கார் பொய்க் கலாசாலை வைத்து மாணவரிடம் பணம் வாங்குவது எந்த தர்ம சாஸ்திரத்தில் அடங்கும் என்பதே நமது கேள்வி.

டில்லி சர்க்கார் வாஷிங்டனிடம் பேசும்போது வியாபாரமும் ஆயுதமும் பேசுகிறது. மாணவர் விஷயத்தையும் பேச வேண்டும். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். முதலாமவர் மறுத்ததை இரண்டாம் அதிகாரி ஒருமுறை பார்க்கட்டும். நீங்களே பேட்டியை நிறுத்தி, அதனால் கலாசாலை திறக்கும் நாள் தவறினால் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதில் யாசகம் ஒன்றுமில்லை. அந்நிய மாணவரால் 2023-24இல் தங்கள் நாட்டுக்கு 4,380 கோடி டாலர் வரும்படி என்று அமெரிக்கக் கல்விச் சங்கத்தாரே கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு முன் டில்லி ஒரு காரியம் செய்வது நலம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நம் கலாசாலைகளுக்கு வர விரும்பும் மாணவருக்கு நம் தூதர்கள் விஸா மறுக்கும்போது, காரணத்தை முதலில் நாம் எழுதிக் கொடுக்கத் தொடங்கலாம்.

மறுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னலை விட்டு வந்தவுடன், கேட்ட கேள்விகளையும் சொன்ன விடைகளையும் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மனுவின் பாரத்தில், முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி வரும். ஏஜெண்டு என்ன சொன்னபோதிலும் அதற்கு "இல்லை" என்று எழுதாதீர்கள்.