கல்லாவுக்கு இந்தப் பக்கம்



இந்த இதழில் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பற்றிய கட்டுரை வருகிறது. அதற்காகப் பாலக்கோடு பக்கம் புழு வளர்ப்பு மனைகளைப் பார்த்துவந்த நம் நிருபரின் குறிப்பேட்டில் இருந்த ஒரு விஷயம் கட்டுரைக்குள் அடங்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மனைக்குள் பீடி, சிகரெட் கூடாது. வெளியே பிடித்துவிட்டு வந்தவர் கை கழுவாமல் மல்பெரி இலையைத் தொடக்கூடாது. புகையிலை பயிரிட்ட நிலத்துக்குப் பக்கத்தில் மல்பெரி நடக்கூடாது. நிகோட்டின் பட்டுப்புழுவுக்கு நஞ்சு; பட்டுவிட்டால் புழு தீனி எடுக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு சாறு கக்கும். பேட்ச் மொத்தமும் போனால் எத்தனை ஆயிரம் நட்டம் என்று விவசாயிக்குத் தெரியும். அதனால் மாமனாரே வந்தாலும் பீடியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே விவசாயி கூட்டை விற்றுவிட்டுப் பேருந்து நிலையத்துப் பக்கம் டீ குடிக்க வருகிறார். கடை முகப்பில் கயிற்றில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. ஒரு டீ, ஒரு சிகரெட். பத்து நிமிடத்தில் அவர் பஸ் ஏறிவிடுவார். பாய்லருக்கு முன்னால் நிற்கும் மாஸ்டருக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார், அதற்கடுத்து இன்னொருவர். விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி இரவு வரை அந்த மாஸ்டர், பஜ்ஜி போடும் அம்மா, கிளாஸ் கழுவும் தம்பி மூவரும் ஊரார் விட்ட புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். தொப்பூர் கணவாயிலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்காரர்களுக்காக இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகளில் இது இரண்டு ஷிப்ட்டாக நடக்கிறது.

வாடிக்கையாளருக்குப் புகை பிடிக்கவில்லை என்றால் எழுந்து வேறு கடைக்குப் போகலாம். சம்பளத்துக்கு நிற்பவர் எங்கே போவார்? பொது இடத்தில் புகைக்கத் தடை என்றதும் நமக்கு மருத்துவமனை வராந்தாவும் பஸ்ஸில் இருமும் குழந்தையும்தான் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், அந்தச் சட்டம் முதலில் காக்கவேண்டியவர் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தொழிலாளிதான்.

சட்டம் அவரிடம் வந்துசேர நேரம் பிடித்தது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை விதித்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதை விரித்தது. அந்த உத்தரவில் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் எல்லாம் இருந்தன. தனியார் பட்டறையும் கம்பெனியும் இல்லை. 2003-ல் நாடாளுமன்றம் சிகரெட், பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை இயற்றியபோது உணவகங்கள் சேர்ந்தன. பணியிடங்கள் என்று வெளிப்படையாக எழுதியது 2008-ம் ஆண்டு விதிகள்தான். அந்த ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அவை நடைமுறைக்கு வந்தன. கேன்டீன், காபிக் கடை, பார் எல்லாம் உணவகத்துக்குள் அடக்கம் என்றும் அவை சொல்கின்றன. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். பின்னால் 2014-ல் நம் தருமபுரித் தொகுதியின் மக்களவை உறுப்பினரானவர். அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்த விதிகளுக்காக அவருக்கு ஒரு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

விதிகளைப் படித்துப் பார்த்தால் எழுதியவர்கள் கடைகளை நேரில் பார்த்தவர்கள் என்று தோன்றுகிறது. ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றை அந்த இடத்தில் வைத்துக்கொடுக்கக் கூடாது. கயிற்றில் தொங்கும் லைட்டர் அங்கேயே மாட்டிக்கொள்கிறது! நுழைவாயிலில் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரத்தில் புகைத்தல் குற்றம் என்ற பலகை வேண்டும்; யாரிடம் புகார் செய்வது என்று அவர் பெயரும் இருக்கவேண்டும். புகார் வந்தும் அவர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றத்துக்குமான அபராதம் அவர் தலையில்.

முப்பது அறையுள்ள ஓட்டல், முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவை மட்டும் தனியே புகை அறை வைத்துக்கொள்ளலாம். 2017 மே மாதம் இதில் ஒரு திருத்தம் வந்தது: அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது. நீங்கள் புகைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்குத் தட்டு கொண்டுவருகிற சப்ளையர் அந்தப் புகைக்குள் வரமாட்டார் என்பதுதான் அதன் பொருள். இந்தச் சட்டத்தில் தொழிலாளியின் நுரையீரலை நேராகப் பார்த்து எழுதியது இந்த ஒரு வரி.

பலவீனமும் இருக்கிறது. அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2003-ல் அது ஒரு தொகை. இன்று இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டால் அதைத் தாண்டிவிடும். 2016-17-ல் எடுத்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், கட்டடத்துக்குள் வேலை பார்க்கும் இந்தியர்களில் 30.2 சதவீதம் பேர் பணியிடத்தில் பிறர் புகையை சுவாசிப்பதாகச் சொன்னார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

பிறர் புகை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சிகரெட்டை இழுக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் அது விரலிடுக்கில் சும்மா கனிந்துகொண்டிருக்கும். அந்த நுனிப் புகைக்கு ஃபில்டர் கிடையாது. குறைந்த சூட்டில் எரிவதால் நஞ்சும் கூடுதல். 1981-ல் ஜப்பானின் டகேஷி ஹிரயாமா, புகைக்காத மனைவியர் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ, மனைவிக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பும் அவ்வளவு ஏறியது. சிகரெட் கம்பெனிகள் அதை மறுக்க எவ்வளவோ பாடுபட்டன. 2006-ல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, பிறர் புகையால் இதயநோய் 25 முதல் 30 சதவீதம் வரையும் நுரையீரல் புற்று 20 முதல் 30 சதவீதம் வரையும் கூடுகிறது என்றது. ஃபேன் போட்டாலும் ஜன்னல் திறந்தாலும் அந்த ஆபத்து தீராது என்றும் சொன்னது.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்று ஒரு பெண்மணி. நாற்பது ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறியவர். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. 2002-ல் நுரையீரல் புற்று. அது வேலையால் வந்த நோய் என்று ஒன்டாரியோ மாகாணத் தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. பிறகு அவர் தொலைக்காட்சியிலும் ஊர் ஊராகவும் பேசினார்: எனக்குப் பிறகு இன்னொரு சப்ளையர் இதனால் சாகக் கூடாது என்பதே அவருடைய கோரிக்கை. 2006 மே 22 அன்று 61 வயதில் இறந்தார். ஒன்பதாம் நாள், மே 31 அன்று, ஒன்டாரியோவில் பணியிடங்களிலும் உணவகங்களிலும் புகைக்கத் தடை அமலானது.

தடை வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது எல்லா ஊர் முதலாளிகளும் சொல்வது. குடிக்கூடங்களே சமூகக்கூடங்களாக இருக்கும் அயர்லாந்திலும் சொன்னார்கள். 2004 மார்ச் 29 அன்று, தொழிலாளர் நலனை முன்வைத்து, பணியிடங்கள் அனைத்திலும் அந்த நாடு தடை கொண்டுவந்தது. உலகில் முதலில் செய்த நாடு அதுதான். புகைப்பவர்கள் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய்ப் பிடித்துவிட்டு வரப் பழகிக்கொண்டார்கள்.

நம் ஊர் கடைக்காரரின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. சிகரெட்டும் அவர் விற்கிற சரக்கு, அதுவும் ஒற்றை ஒற்றையாக. ஒற்றையாக வாங்கியவர் அங்கேயே பற்றவைக்கிறார். தினம் வருகிற ஆளிடம் “அண்ணே, கொஞ்சம் தள்ளிப்போய்ப் பிடிங்க” என்று சொல்ல வாய் வராது. அதைச் சொல்லத்தான் பலகை. சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முகம் கோணாமல் டீ ஆற்றலாம்.

புகைக்கும் வாசகர்கள் பலர் எனக்கு நண்பர்கள். உங்களைத் திட்ட இந்தப் பக்கத்தை எழுதவில்லை. விடவேண்டும் என்று நினைத்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் ஆலோசனை கிடைக்கிறது. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். விட இன்னும் மனம் வரவில்லை என்றால், டீ கிளாஸோடு மாஸ்டர் நிற்கும் கூரையை விட்டு நாலு எட்டு தள்ளிப் போங்கள்.

கம்பெனி வேனில் டிரைவர் புகைக்கிறார், லேத் பட்டறையில் மேஸ்திரி புகைக்கிறார், சொல்ல பயமாக இருக்கிறது என்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் வெளியிட மாட்டோம். லைட்டரை அவிழ்த்துவிட்டுப் பலகை மாட்டிய கடைக்காரர்கள் கடையின் படத்தோடு எழுதலாம். அரூர், பென்னாகரம், காரிமங்கலம், நல்லம்பள்ளி, எந்த ஊராக இருந்தாலும் சரி. அடுத்த இதழில் அந்தப் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்