அம்மா எதற்கு அழுதாள்?

2020 ஏப்ரலில் எங்கள் வீட்டு ஹாலில் காலை ஒன்பது மணிக்கு இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன. எனக்கு டீம் மீட்டிங், அம்மாவுக்கு ராமாயணம். ஊரடங்கின் நான்காம் நாள், மார்ச் 28 அன்று, ராமானந்த சாகரின் பழைய தொடரைத் தூசு தட்டி எடுத்து தூர்தர்ஷன் மறுஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. நான் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு ஒரு கண்ணை டிவி பக்கம் வைத்திருப்பேன்.

அம்மா அதை முதலில் பார்த்தது 1987-88ல். புதிதாகக் கல்யாணமாகி வில்லிவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்கார அம்மாள் வீட்டில் மட்டும்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு குடித்தனமும் அந்தக் கூடத்தில்தான் இருக்கும். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, கதைதான் தெரியுமே. சீதை நெருப்பில் இறங்கிய வாரம் கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதார்களாம். வீட்டுக்கார அம்மாள் பாதியிலேயே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாராம். "இம்புட்டும் பட்டுட்டு வந்தவள இப்படிக் கேக்குறானே" என்று அன்று யாரோ சொன்னதை அம்மா முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் நடுவில் அந்தக் காட்சி மறுபடி வந்தது. பெங்களூரில் எட்டு வருஷம் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட இந்தியை வைத்து நான் மொழிபெயர்த்தேன். தீ மூட்டச் சொன்னதும் லட்சுமணன் அண்ணன் மேலேயே கொதிக்கிறான். ராமன் அவனை அமைதிப்படுத்தி ஒரு ரகசியத்தைச் சொல்கிறான். கடத்தலுக்கு முன்பே, காட்டில், உண்மையான சீதையை அக்னிதேவனிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ராவணன் தூக்கிப்போனது நிழலை. இப்போது நெருப்புக்குள் நிழல் போகும், நிஜம் வெளியே வரும். அவ்வளவுதான், பரீட்சையெல்லாம் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்ப அன்னிக்கு நான் எதுக்குடா அழுதேன்?"

புராணத் தொடர்கள் மேல் எனக்குள்ள கோபம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அட்டைக் கிரீடம், ஆகாயத்தில் முட்டிக்கொள்ளும் அம்புகள், ஒரு வசனத்துக்கு மூன்று தடவை இடிக்கும் பின்னணி இசை இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. கூத்தில் கட்டைக் கிரீடத்தை ரசிக்கிறவன் டிவியில் அட்டைக் கிரீடத்தைக் கேலி செய்யக்கூடாது. சாகரின் தொடர் எண்பதுகளின் கடைசியில் வட இந்திய அரசியலை எப்படி மாற்றியது என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என் பிரச்சினை வேறு.

"மூலத்தில் இல்லாததைக் காட்டுகிறார்கள்" என்ற புகாரும் எனக்கு உவப்பில்லை. நம் ஊரில் அதைச் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போகவைக்கிறான், சீதையின் மேல் விரல்கூடப் படவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் கம்பன் சாகரைவிடப் பெரிய குற்றவாளி.

ஆனால் அதே கம்பன் மீட்சிப் படலத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ராவணன் தொடவேயில்லை என்று ஏற்பாடு செய்த கவி, ராமன் வாயில் வைக்கும் சொற்களைத் தணிக்கவில்லை. அரக்கன் ஊரில் உண்டு உறங்கி வாழ்ந்தாயே என்று ஏசவிடுகிறான், செத்துப் போ என்றே சொல்லவிடுகிறான். வால்மீகியின் ராமன், போர் செய்தது உனக்காக அல்ல, என் குலத்தின் பெயருக்காக என்கிறான். லட்சுமணனிடமோ பரதனிடமோ சுக்ரீவனிடமோ விபீஷணனிடமோ போய்க்கொள் என்கிறான். ஏதோ ஒரு அற்பன் ஒரு அற்பப் பெண்ணிடம் பேசுவது மாதிரி என்னிடம் பேசுகிறாயே என்று சீதை திருப்பிக் கேட்கிறாள். சிதை மூட்டச் சொல்வதும் அவள்தான். பிறகு தேவர்கள் வந்து நீ கடவுள் என்று ராமனுக்கு நினைவூட்டுகிறார்கள். நான் என்னை மனிதன் என்றே நினைக்கிறேன், தசரதன் மகன் என்கிறான் அவன். கம்பனில் அக்னியே அவள் கற்பின் சூடு தாங்காமல் வெந்துபோய் முறையிட்டுக்கொண்டு வருகிறான். நெருப்பைச் சுட்டுவிட்டாள் என்று எழுதிய ஒருத்தன், அவளை நெருப்பில் இறங்கவைத்தவனை எங்கே நிறுத்துகிறான் என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு பேரும் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. ராமன் செய்தது இதுதான் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். நமக்கு வலிக்கிறது. வலிப்பதால்தான் கதை இத்தனை நூற்றாண்டாக விடாமல் இருக்கிறது.

நிழல் சீதையை சாகர் கண்டுபிடிக்கவில்லைதான். அத்யாத்ம ராமாயணத்தில் இருக்கிறாள், துளசிதாசரில் இருக்கிறாள். ராமன் எல்லாம் அறிந்த பரம்பொருள், நடப்பது அனைத்தும் லீலை என்று முதலிலிருந்தே பாடுகிற பக்தனுக்கு அது பொருந்தும். அங்கே யாரும் சந்தேகப்படவில்லை, ஆகவே யாரும் ஏமாறவும் இல்லை. ஆனால் சாகர் தன் டைட்டிலில் வால்மீகி, துளசி, கம்பன் என்று ஒரு பெரிய பட்டியலையே போட்டவர். மேஜையில் எல்லாம் இருந்தது. மனிதத் துயரமாகவே கதையை நடத்தினார். அசோகவனத்தில் நம்மை அழவைத்தார், லட்சுமணனைக் கோபப்பட வைத்தார். கேள்வி பழுத்து விழும் நேரத்தில், பார்வையாளர் தலையில் தட்டி, அது நிழல்தான் போ என்றார். என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தெரியாத பக் ஒன்று வந்தால், "திட்டமிட்டபடிதான் வேலை செய்கிறது" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். மூடியவனுக்கு நிம்மதி. பக் அங்கேயே இருக்கும்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். 1988ல் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிவதாக இருந்தது. உத்தரகாண்டம் இல்லை, ஆக வால்மீகியின் ஆசிரமமும் இல்லை. வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வேறு நகரங்களுக்கும் பரவியது. அதன் பிறகுதான் 'உத்தர் ராமாயண்' வந்தது. இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் எனக்குப் பிடித்த சம்பவம் இது. மிச்சக் கதையைச் சொல் என்று தெருவைக் கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். அந்த மிச்சக் கதையில்தானே கர்ப்பிணி மனைவியை ஊர்ப்பேச்சுக்காகக் காட்டுக்கு அனுப்பும் அரசன் வருகிறான்? தொடர் அதற்கும் வழி வைத்திருந்தது. சீதையே, ராஜதர்மத்துக்காக நான் போகிறேன் என்று ராமனைச் சம்மதிக்கவைத்துக் கிளம்புகிறாள். வெளியேற்றப்பட்டவள் தியாகியாகிவிட்டாள். ராமன் கண்ணில் நீரோடு நிற்கிறான். யார் மேலும் தப்பில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 2013ல், ஸ்டார் பிளஸ் மகாபாரதம் வந்தது. தமிழில் விஜய் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிருஷ்ணனின் சிரிப்பு இன்றைக்கும் பல பேருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் ஸ்டேட்டஸிலும் ஒரு காலத்தில் ஓடியது, மறைக்கவில்லை. சூதாட்ட மண்டபத்தில் திரௌபதி எழுப்பியது சட்டச் சிக்கல்: முதலில் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர், தர்மம் நுட்பமானது, என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்கிறார். பதில் சொல்லத் துணிகிற ஒரே கௌரவன் விகர்ணன். அவனைக் கர்ணன் அடக்கிவிடுகிறான். அந்தக் கேள்விக்கு மண்டபம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. புனே பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பில் அவள் கிருஷ்ணனைக் கூவி அழைக்கும் பகுதி மூலத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது. சேலை பெருகுகிறது, யார் தந்தது என்று சொல்லப்படுவதில்லை.

ஸ்டார் தொடரின் திரௌபதியும் கேட்கிறாள், நன்றாகவே கேட்கிறாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தொடர் முழுக்க கதைக்கு நடுவே கிருஷ்ணன் நம்மைப் பார்த்துத் திரும்பி, பொறாமை என்றால் என்ன, பழிவாங்கல் என்றால் என்ன என்று விளக்கம் தருவதை நிறுத்துவதே இல்லை. இதில் வேடிக்கை, ஒவ்வொரு விளக்கத்தையும் "நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்ற மாதிரி முடிப்பார். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்வது! கடைசியில் துண்டு துண்டாக வெட்டி நாம் பகிர்ந்துகொண்டது விடைகளைத்தான். திரௌபதியின் கேள்வியை யாராவது ஸ்டேட்டஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நாத்திகர்கள்தான் இப்படியெல்லாம் குடைவார்கள் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒரு கம்பன் விழாவுக்குப் போய் உட்காருங்கள். 1939ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த மாதிரி மேடைகளில் நெற்றி நிறையத் திருமண் இட்டவர்களே வாலி வதைக்காக ராமனைக் கூண்டில் ஏற்றி வழக்காடுகிறார்கள். எதிர்த்தரப்பு நன்றாகப் பேசினால் ராம பக்தர்களே கைதட்டுவார்கள். உபன்யாசம் முடிந்து சுண்டல் வாங்கும் வரிசையில், "இருந்தாலும் சீதைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சுவாமி" என்று ஒரு பாட்டி சொல்வாள். 'சாப விமோசன'த்தில் புதுமைப்பித்தன் அகலிகையைத் திரும்பக் கல்லாக்கியதும் இந்தப் பாட்டியின் வருத்தத்திலிருந்துதான். அந்தக் கதைக்கு எதிர்ப்பு வந்தது, கதை நின்றது.

இன்றைக்கு அந்தத் தைரியம் தயாரிப்பாளரிடம் இருக்காது என்பது புரிகிறது. 2021 ஜனவரியில் 'தாண்டவ்' வெப் தொடரில் கல்லூரி நாடகத்தில் சிவன் வேடமிட்டு வரும் ஒரு காட்சிக்காகப் பல ஊர்களில் வழக்குகள் பதிவாயின. படக்குழு மன்னிப்புக் கேட்டுக் காட்சியையே எடுத்தது. வாரத்துக்கு ஐந்து நாள் எபிசோட் தரவேண்டிய ஒரு எழுத்தாளர் இதைப் பார்த்துவிட்டு ராமனைக் கடுமையாகப் பேசவைக்க மாட்டார். சரி. ஆனால் வால்மீகியையும் கம்பனையும் அப்படியே எடுத்தால் மனம் புண்படும் என்ற நிலைக்கு நம்மைப் பழக்கியது யார்? முப்பது வருஷமாக வீட்டுக்குள் வந்து, ஒவ்வொரு முள்ளையும் பிடுங்கிவிட்டு ஊட்டியது இந்தத் தொடர்கள்தானே? தன் வேலையால் உருவான பயத்தையே காரணமாகக் காட்டி, அதே வேலையைத் தொடர்கிறார்கள்.

அதே ஏப்ரல் 19ல் உத்தர ராமாயணமும் தொடங்கியது, இரவு ஒன்பது மணிக்கு. எனக்கு அது அமெரிக்கக் கிளையன்ட் நேரம். சீதை கிளம்பும் நாளில் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, அவ என்ன சொல்றா தெரியுமா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். "உன் மீட்டிங்கப் பாரு."

புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.