பழைய மர வீட்டுக்கு மண் பூச்சே நல்லது

நம் உழவர்களின் பழைய வீடுகள் பல, மரத்தூணும் உத்திரமும் தாங்க, வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர்களோடு நிற்பவை. இவற்றைச் செப்பனிட நினைப்போர் முதலில் சிமெண்டுப் பூச்சையே நாடுகின்றனர். இது தவறு என்பது என் கருத்து.

மண்சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளிவிடும். மேலே சிமெண்டு பூசினால் உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மரத்தடியில் தங்கிவிடும். மரம் உளுக்கும், கறையானும் சேரும். என் தகப்பனார் வீட்டில் நானே இத்தவறைச் செய்தேன். பூச்சு பழுதின்றித் தெரிந்தது. ஆறாம் ஆண்டில் கொத்திப் பார்த்தபோது இரண்டு தூண்களின் அடி தூளாகியிருந்தது.

முதலில் கூரை ஒழுக்கை நிறுத்துங்கள். அடுத்து, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, தூணின் உளுத்த அடியை அறுத்துவிட்டு, கருங்கல்லின் மேல் நிறுத்துங்கள். மரம் தரையில் படலாகாது. தச்சரின் துணையின்றி இதைச் செய்ய வேண்டாம்.

இதன் பிறகே பூச்சு. மேல்மண்ணை ஒதுக்கி அடிமண் எடுங்கள். களி மிகுந்தால் பூச்சு வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். எனவே கரிசல் மண் மட்டும் உதவாது. மணல் சேர்க்க வேண்டும். நறுக்கிய வைக்கோலுடன் மிதித்து, ஒரு வாரம் ஊறவிடுங்கள். ஓரடிச் சதுரம் பூசிக் காயவிட்டு, வெடிக்காவிட்டால் மற்ற இடத்தில் பூசலாம். வழவழப்பான பலகையில் மண் பிடிக்காது. அதன்மேல் மூங்கில் பிளாச்சு அடித்துப் பூசுங்கள்.

எடையையும் மறக்கலாகாது. 100 சதுர அடிச் சுவரில் ஓரங்குலக் கனம் பூசினால், காய்ந்தபின் ஏறத்தாழ 400 கிலோ பாரம் ஏறும். தளர்ந்த சட்டம் இதைத் தாங்காது.

சாரல் படும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இறவாணத்தை இரண்டடி நீட்டிவிடுங்கள். தை, மாசியில் வேலை தொடங்கினால் மழைக்கு முன் நன்கு காயும்.

மண் பூச்சை ஆண்டுதோறும் கைபார்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் விரிசல் விட்டால் வெளியே தெரியும், அன்றே மெழுகிவிடலாம். சிமெண்டுக்குள் மரம் உளுப்பது தெரிவதில்லை. ஏற்கெனவே சிமெண்டு பூசியவர்கள், இக்கோடையில் தூணடியில் ஓரிடத்திலாவது கொத்திப் பாருங்கள்.