கோட்டுச்சேரிமேடு எந்த மாநிலம்?

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு பொடியனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான், அது புதுச்சேரி என்று. (யூனியன் பிரதேசம் என்று திருத்த வருபவர்கள் வாழ்க!) டேட்டாபேஸ் பேப்பரில் எண்பது மார்க் வாங்கியவர் எழுதும் சாஃப்ட்வேருக்கு மட்டும் இது தெரியாமல் போகலாம்.

கோட்டுச்சேரியின் பின்கோடு 609609. காரைக்கால் 609602. ஆனால் மயிலாடுதுறை 609001, சீர்காழி 609110. "609 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு" என ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், காரைக்கால் மாவட்டம் மொத்தமும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடும். இதே கணக்கில் மாஹேயின் 673310 கேரளாவுக்கும், ஏனாமின் 533464 ஆந்திராவுக்கும் போகும். 1972-இல் பின்கோடு வந்தது தபாலைப் பிரிக்கத்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் விட்டுப்போன எல்லைகளைக் காட்டுவது அதன் வேலை அல்ல.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா, டிராப்டவுனில் மாற்றிக்கொள்ளலாமே' என்று கேட்பவர் நிச்சயம் காமர்ஸ் படித்தவராக இருக்க முடியாது. சென்னையில் இருக்கும் ஒரு கடை கோட்டுச்சேரிமேட்டுக்கு மிக்ஸி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. மாநிலம் தாண்டிய விற்பனை, ஆகவே ஐஜிஎஸ்டி. பின்கோடை நம்பிய பில்லிங் புரோகிராமோ சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதியாகப் போட்டுவிடும். வாங்குபவருக்குத் தொகை ஒன்றுதான். கடைக்காரர்தான் மாட்டுவார். 77-ஆம் பிரிவின்படி சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். வட்டி கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

இந்தத் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது? வகுப்பறையில்தான். முதல் நார்மல் ஃபார்ம், இரண்டாவது, மூன்றாவது என்று டெஃபனிஷன் மனப்பாடம். பிறகு ஐந்து வரிசை உள்ள ஒரு டேபிளைக் கொடுத்து 'நார்மலைஸ் செய்க' என்று கேள்வி. அந்த ஐந்து வரிசையைப் பார்த்தே எது எதைத் தீர்மானிக்கிறது என்று முடிவு கட்டச் சொல்கிறார்கள். அபத்தம்! வரிசைகளால் ஒரு விதியை உடைக்க முடியும், நிரூபிக்கவே முடியாது. மயிலாடுதுறை, சீர்காழி முகவரிகள் பத்தாயிரம் இருந்தாலும் 609 தமிழ்நாடுதான் என்று ஆகிவிடாது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரே ஒரு முகவரி வந்தால் கதை முடிந்தது. விதி டேபிளுக்கு வெளியே இருக்கிறது. அரசாணையில், தபால்துறையில், கடைக்காரரின் அனுபவத்தில். அங்கே போய்க் கேட்காமல் செலக்ட், இன்சர்ட் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதி என்ன பிரயோஜனம்?

1970-இல் காட் என்பவர் ரிலேஷனல் மாடலை முன்வைத்தபோதே நார்மலைசேஷனும் கூடவே வந்துவிட்டது. காமர்ஸ் மாணவர்களுக்கு அதைவிடப் பழைய உதாரணம் கையிலேயே இருக்கிறது. ஜர்னலில் எல்.எஃப். என்று ஒரு குட்டிக் காலம் உண்டு. லெட்ஜர் பக்க எண்ணை மட்டும் அதில் குறித்துவிட்டால் கணக்கைத் தேடிப் போய்விடலாம். ஃபாரின் கீ செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். இதைச் சொல்லித்தராமல், காமர்ஸ்காரர்களுக்கு டேட்டாபேஸ் வராது என்று சலித்துக்கொள்வது நியாயமே இல்லை.

எல்.எஃப். இல்லாமல் பெயரையே ஒவ்வொரு வரிசையிலும் எழுதினால்? 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரியானது. 2020 டிசம்பரில் பக்கத்துத் தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டத்துக்குப் போனது. ஊருக்குத் தனி டேபிள் இருந்தால் தரங்கம்பாடிக்கு ஒரு இடத்தில் திருத்தினால் போதும். இல்லாவிட்டால் ஆயிரம் வரிசையில் திருத்த வேண்டும், நாற்பது விட்டுப்போகும், ஒரே ஊர் இரண்டு மாவட்டத்தில் நிற்கும். கோட்டுச்சேரிமேட்டுக்காரர் அதற்குள் மூன்றாவது மாநிலத்துக்குப் போகாமல் இருந்தால் சரி :-)