பவளம் இல்லாத கடல்தொட்டி

குறைந்த செலவில் வீட்டில் ஒரு சிறிய பவளப்பாறைத் தொட்டி அமைக்க முடியுமா என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். அமைக்கலாம், ஆனால் அதில் பவளம் வேண்டாம் என்பதே எங்கள் பதில். முரணாகத் தோன்றினாலும் இது யோசித்துச் சொல்வதுதான்.

இந்தப் பொழுதுபோக்கின் சிக்கனமான முன்னோடி ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961-ல் அவர் எழுதிய முறை எளியது: கண்ணாடித் தொட்டி, இயற்கைக் கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, மெல்லிய காற்றுக்குமிழ்கள். பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மையாக வைத்தன. இன்றைய விலையுயர்ந்த தொட்டிகளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

கடல் நமக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2001 முதல் பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறிகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. இறந்துபோன பவளத்துண்டும் இதற்கு விலக்கல்ல. "விரல் அளவு துண்டுதானே, அதனால் கடல் குறைந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கே பல ஆண்டுகள் பவளப்பாறைகளை உடைத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். பிறகு 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. திரளாக வளரும் சில பவள இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. அங்கிருந்து மலிவாக வந்து சேரும் ஒரு துண்டின் உண்மையான விலையை நாம் கொடுப்பதில்லை, கடல்தான் கொடுக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் சிக்கனமும் பவளமும் ஒத்துப்போவதில்லை. அதற்கு வலுவான விளக்கு வேண்டும், சுண்ணாம்புச் சத்து குறையாத நீர் வேண்டும், சென்னையின் மே மாதத்தில் நீரைக் குளிர்விக்கும் கருவியும் வேண்டும். இவற்றில் ஒன்றைக் குறைத்தாலும் வாங்கிய உயிர் மெல்லச் சாகும். அதைச் சிக்கனம் என்று அழைக்க எங்களுக்கு மனமில்லை.

பவளத்தை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது ஏழ்மையான காட்சியல்ல. நூறு லிட்டர் கொள்ளும் பழைய தொட்டி ஒன்று போதும். மிகச் சிறிய தொட்டி மலிவு என்று நினைப்பது மயக்கம். நீர் குறைவாக இருந்தால் உப்பும் வெப்பமும் ஒரே நாளில் தடுமாறும். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் நூறு லிட்டருக்கு மூன்றரை கிலோ உப்புக்கலவை ஆகும். இங்கே சமையல் உப்பு உதவாது, அதில் மக்னீசியமும் கால்சியமும் உரிய அளவில் இல்லை. பாறைக்குப் பதிலாகத் துளைகள் நிறைந்த பீங்கான் கட்டிகளை அடுக்கலாம். அழகில் அவை குறைவுதான், ஆனால் நுண்ணுயிர்கள் அழகு பார்த்துக் குடியேறுவதில்லை. வெயில் காலத்தில் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். பணத்தைச் சேமிக்கக்கூடாத இடங்கள் இரண்டு: உப்பின் அடர்த்தியை அளக்கும் கருவியும் அம்மோனியாச் சோதனைத் திரவமும்.

பிறகு காத்திருப்பு. ஒரு துண்டு இறாலைத் தொட்டியில் போட்டால் அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். வீட்டார் பொறுமையிழப்பது இக்காலத்தில்தான். வெறும் நீருக்கு எதற்கு மின்விளக்கு என்பார்கள். கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறும். அதுவும் வழக்கமானதுதான், பதறவேண்டியதில்லை.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியானபின் ஒரு ஜோடிக் கோமாளி மீன்களை விடலாம். பொரிப்பகத்தில் பிறந்தவையா என்று கேட்டு வாங்கவேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இவற்றைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும் இம்மீன்கள், சரியாகப் பேணினால் பத்தாண்டுகளைத் தாண்டும். இளம் மீன்கள் யாவும் ஆணாகவே வளரத் தொடங்கி, இரண்டில் மேலோங்குவது பெண்ணாக மாறுவதைத் தொட்டியின் முன் அமர்ந்து பார்ப்பது தனி இன்பம்.

அன்றாட வேலை ஒன்றே: ஆவியான அளவுக்குத் தூய நன்னீரை ஊற்றுவது. உப்புநீரை அல்ல, நீர் போனாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.