பழைய கார்டுக்கும் வேலை இருக்கிறது

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. சுங்கை காடுட்டில் என்னைப் போன்ற மாணவர்கள் பழைய கணினியை என்ன செய்வது என்று யோசிக்கிறோம். 'முழு செட்டையும் மாற்றிவிடு' என்பதே பலரும் சொல்லும் ஆலோசனை. பிடிபிடிஎன் கடனில் படிப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள புராசசரும் வேண்டும். பழைய கணினிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. கிராபிக்ஸ் கார்டுக்கு டைரக்ட்எக்ஸ் 12 ஆதரவு இருந்தால் போதும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுக்கே அது உண்டு.

ஆகவே மதர்போர்டு, புராசசர், ரேம் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். புதிய போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் முந்தைய தலைமுறைக் கார்டையும் ஏற்கும். 1050 டிஐ எடுக்கும் மின்சாரம் 75 வாட்தான். மேலும், இன்டெல் புராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. அப்போது திரையில் படம் தெரியவே இந்தக் கார்டு தேவைப்படும்.

முப்பரிமாண வடிவமைப்பும் செயற்கை நுண்ணறிவும் படிப்பவர்களுக்கு இது போதாது என்பது உண்மை. இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு 2028 அக்டோபர் வரைதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று என்விடியா அறிவித்துள்ளது. கட்டுரை எழுதவும் இணையவழி வகுப்புக்கும் அதுவரை தாராளமாகப் போதும்.

கடைக்குப் போகும்போது முழு செட்டின் விலையைக் கேட்காதீர்கள். எதையெல்லாம் மாற்றத் தேவையில்லை என்று முதலில் கேளுங்கள். மிச்சமாகும் ரிங்கிட் அடுத்த செமஸ்டர் புத்தகங்களுக்கு உதவும்.