பெயரளவில் நீதிபதி

நீதிபதி என்றவுடன் கறுப்பு அங்கியும் சாட்சிக் கூண்டும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ‘கவுண்டி நீதிபதி’ என்பவர் வேறு வகையினர். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றது. சிறிய கவுண்டிகளில் அவர் வழக்குகளையும் விசாரிப்பதுண்டு. பெரிய கவுண்டிகளிலோ, சாலை, வரவு செலவு, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் ஐவர் மன்றத்தின் தலைவராகவே விளங்குகிறார். நம் கலெக்டரை ஒத்தவர். எனினும், மக்களின் வாக்கால் அமர்பவர்.

ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் 2007 முதல் 2018 முடிய இப்பதவியை வகித்தவர் எட் எம்மட். அவர் 1979 முதல் 1987 வரை மாநிலச் சட்டசபை உறுப்பினர். பின்னர், 1989 முதல் 1992 வரை மாநிலங்களிடை வாணிப ஆணையத்தில் பணியாற்றினார். ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இச்செய்தி சுவையானதே. ரயில் கட்டணங்களை ஒழுங்கு செய்வதற்கென 1887இல் தோன்றிய ஆணையம் அது.

போக்குவரத்தை அறிந்த அவருடைய அறிவு புயற்காலத்தில் பயன்பட்டது. 2005இல் ரீட்டா புயலுக்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் ஒருங்கே புறப்பட்டனர். சாலைகள் அடைபட்டன, வெயிலிலும் விபத்திலும் ஏறத்தாழ நூறு பேர் வழியிலேயே மாண்டனர். 2008 செப்டம்பரில் ஐக் புயல் வந்தபோது எம்மட் அனைவரையும் புறப்படச் சொல்லவில்லை. கடல்நீர் ஏறக்கூடிய பகுதிகளை அஞ்சல் எண் கொண்டு பிரித்து, அங்குள்ளோரை மட்டும் வெளியேறப் பணித்தார். ஏனையோரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல், சில இடங்களில் 40 அங்குலத்திற்கு மேல் மழை பொழிந்தது. அப்பொழுதும் அனைவரும் வெளியேறுமாறு ஆணை பிறக்கவில்லை. ஒன்றரை லட்சம் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. குறை கூறியவர் பலர். வெள்ளச் சாலையில் லட்சம் வண்டிகள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியவரும் பலர். மறு ஆண்டு, வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் திரட்ட மக்கள் இசைந்தனர்.

ஆயினும் அதே 2018 நவம்பரில் அவர் தோல்வியுற்றார். ஒரே குறியிட்டு ஒரு கட்சியினர் அனைவருக்கும் வாக்களிக்கும் முறை அந்நாளில் அங்கிருந்தது; கட்சிக் காற்று மாறி வீசிற்று. 20,000க்கும் குறைந்த வாக்கில் வென்றவர், கொலம்பியா நாட்டில் பிறந்து அங்குக் குடியேறிய 27 வயது நங்கை லினா ஹிடால்கோ. குடியேறி வாழும் நமக்கு இதுவும் சிந்திக்கத் தக்கது.

நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி, பொதுவாக மாவட்ட ஆட்சியரே மாவட்ட ஆணையத்தின் தலைவர். ‘புறப்படுக’ என்பதும் ‘இருந்திடுக’ என்பதும் அங்கிருந்தே வரும். நாம் வாழும் ஊரின் மொழியில் வரும். அவ்விரு சொற்களையேனும் நம் இல்லத்து முதியோரும் சிறுவரும் அம்மொழியில் அறிந்திருத்தல் நன்று. மழைக்காலத்திற்கு முன்பே கற்பிப்போமாக!